பழையதைக் கொடுத்தால்தான் புதியது

குப்பைக் கூடையில் ஒரு பற்பசைக் குழாய் கிடந்தது. எல்லாம் அங்கேதான் ஆரம்பித்தது.

எடுத்தேன். கத்தரிக்கோலால் நெடுக வெட்டினேன். விரித்துப் பார்த்தால், உள்ளே மூன்று நாளைக்குப் பல் தேய்க்கப் போதுமான பசை அப்பிக்கொண்டிருக்கிறது. எனக்கு நெஞ்சு கொதித்தது. விரித்த குழாயைக் கையில் ஏந்திக்கொண்டு நேரே சமையலறைக்குப் போனேன்.

"இது என்ன?"

"குப்பை" என்றாள் என் மனைவி, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

"குப்பையா? மூணு நாள் பல்லு இது!"

"அப்போ நீங்க தேச்சுக்குங்க. நான் புதுசு பிரிச்சாச்சு."

"யாரைக் கேட்டுப் பிரிச்சே?"

"பல்லைக் கேட்டு."

இப்படிப் பேசுகிறவளோடு இருபத்தெட்டு வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். அன்று ஒரு முடிவுக்கு வந்தேன். இனிமேல் இந்த வீடு வீடாக இருக்காது. ஸ்டோர்ஸாக இருக்கும்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பம்பு செய்கிற தொழிற்சாலை ஒன்றில் ஸ்டோர்கீப்பர். முப்பத்தொரு வருஷ சர்வீஸ். போல்ட்டு, நட்டு, பேரிங், வாஷர், கிரீஸ், கையுறை, துடைக்கிற துணி வரைக்கும் எல்லாம் என் கம்பிவலை ஜன்னல் வழியாகத்தான் வெளியே போக வேண்டும். போகாது. அதுதான் என் பெருமை. சீட்டு எழுத வேண்டும். சீட்டில் காரணம் வேண்டும். ஃபோர்மேன் கையெழுத்து வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பழைய சாமான் என் மேஜைக்கு வர வேண்டும். பழையதைக் கொடுத்தால்தான் புதியது. ஒருமுறை ஒரு ஃபிட்டர் கையுறை கேட்டு வந்தான். பழையது எங்கே என்றேன். ஒன்று மிஷினில் போய்விட்டது, மற்றது இதோ என்றான். ஒன்றைத் திருப்பிக் கொடுத்தவனுக்கு ஒன்றுதான். ஒற்றைக் கையுறையோடு அனுப்பிவைத்தேன். அதற்குப் பிறகு தொழிற்சாலையில் எனக்குப் பெயரே 'பூட்டு' என்று ஆகிவிட்டது. என் காதுபடவே சொல்வார்கள். எனக்கு அது பட்டம் வாங்கிய மாதிரிதான் இருந்தது.

அந்தப் பற்பசை நாளுக்கு எட்டு மாதம் முன்பு புது மேனேஜர் வந்தான். வயது இருபத்தொன்பது. என் சர்வீஸைவிட இரண்டு வயது சின்னவன். வந்த முதல் வாரமே என் கம்பிவலைக்கு மேலே ஒரு கடிகாரத்தை மாட்டினான். கேட்ட சாமான் ஐந்து நிமிஷத்தில் கைக்கு வர வேண்டுமாம். மாட்டியதோடு விட்டானா? தினமும் காலை பத்து மணிக்கு ஜன்னலுக்கு வருவான். வரிசையில் நிற்கிற ஃபிட்டர்கள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, சிரித்துக்கொண்டே கேட்பான்.

"பெரியவரே, இன்னிக்கு என்ன இல்லை?"

வரிசை முழுக்கச் சிரிக்கும். தினமும் சிரிக்கும். ஒரே ஜோக்குக்கு எட்டு மாதம் சிரிக்கிற ஜனத்தை நான் அங்கேதான் பார்த்தேன். நான் குனிந்துகொண்டு லெட்ஜரைப் புரட்டுவேன். எனக்கு வயது ஐம்பத்தைந்து. ஓய்வு அறுபதில். இன்னும் ஐந்து வருஷம், தினமும் பத்து மணி.

அதனால்தான் அந்தப் பற்பசைக் குழாயைப் பார்த்ததும் எனக்கு வழி தெரிந்தது. வீட்டுச் செலவில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துவிட்டால், சேமநிதியை வைத்துக்கொண்டு ஒரே வருஷத்தில் ராஜினாமா செய்துவிடலாம். பிறகு அந்தப் பயல் முகத்தில் ஜென்மத்துக்கும் விழிக்க வேண்டாம். ஒவ்வொரு சோப்பையும் இரண்டு நாள் அதிகமாக ஓட்டினால், அவனிடமிருந்து இரண்டு நாள் முன்னதாக விடுதலை. இதை மனைவியிடம் சொல்லவில்லை. சொன்னால் கேள்வி கேட்பாள். நான் கேள்வி கேட்டே பழகியவன்.

அன்றே நடையில் இருந்த இரும்பு அலமாரியைக் காலி செய்தேன். சோப்பு, பற்பசை, தீப்பெட்டி, எண்ணெய், சர்க்கரை, உப்பு, தேயிலை, துணி துவைக்கிற தூள், பல்பு, தையல் நூல் எல்லாவற்றையும் உள்ளே வைத்துப் பூட்டினேன். அந்தச் சாவியைத் தொழிற்சாலைச் சாவிக்கொத்திலேயே கோத்து இடுப்பில் மாட்டிக்கொண்டேன். இரண்டு ஸ்டோர்ஸுக்கும் ஒரே கொத்து. தனி வளையம் வாங்கினால் அது வேறு செலவு.

முதல் சீட்டு மறுநாளே வந்தது. சாமான்: சோப்பு ஒன்று. காரணம்: குளிக்க.

'காரணம் போதாது' என்று எழுதித் திருப்பி அனுப்பினேன். சமையலறைக்கும் ஹாலுக்கும் எட்டடி. சீட்டு உடனே திரும்பி வந்தது. காரணம்: 'நேற்றும் குளிக்கவில்லை. பக்கத்தில் உட்காருகிறவரை விசாரித்துக்கொள்ளவும்.'

பக்கத்தில் உட்காருகிறவன் நான்தான். பாஸ் செய்தேன்.

"பழைய சோப்பு எங்கே?"

"கரைஞ்சு போச்சு."

"முழுசுமா? ஒரு சில்லுகூட இல்லாம?"

"நகக்கண்ணுல கொஞ்சம் இருக்கு. சுரண்டித் தரவா?"

அடுத்த வாரம் உப்பு தீர்ந்தது.

"பழசைக் கொடு" என்றேன்.

"உப்புக்கு ஏதுங்க பழசு?"

"சட்டம்னா சட்டம்தான். எல்லாச் சாமானுக்கும் ஒண்ணுதான்."

"சரி. ஒரு கிண்ணம் எடுத்துட்டு வந்து என் முன்னால உக்காருங்க. அழறேன். காய வச்சு எடுத்துக்குங்க."

உப்பு, சர்க்கரை, தேயிலை ஆகியவற்றுக்குச் சட்டத்திலிருந்து விலக்கு அளித்தேன். தேயிலைக்கு மட்டும் ஒரு நிபந்தனை. ஒருமுறை கொதித்த தூளைக் காயவைத்து இன்னொரு தரம் போட வேண்டும். போட்டாள். தம்ளரை எட்டிப் பார்த்தால் அடியில் இருந்த கீறல்கூடத் தெளிவாகத் தெரிந்தது.

"நல்லா இருக்கா?" என்று கேட்டாள்.

"பேஷா இருக்கு. நீ குடிக்கலியா?"

"எனக்கு இப்பல்லாம் டீயே பிடிக்கலீங்க."

என்னை நான் விட்டுவைத்தேனா என்றால், அதுவும் இல்லை. முடிவெட்டக் கடைக்குப் போவதை நிறுத்தினேன். மனைவி வெட்டினாள். இடது பக்கம் வெட்டியதும் அடுப்பில் பால் பொங்கிவிட்டது என்று போனவள், வலது பக்கத்துக்கு மறுநாள்தான் வந்தாள். சவர பிளேடைக் கண்ணாடித் தம்ளரின் உள்பக்கம் தேய்த்துத் தேய்த்து ஒரு மாதம் ஓட்டினேன். தாடி போகவில்லை, கொஞ்சம் கன்னம் போயிற்று. சட்டைக் காலர் நைந்தால் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவிடம் பிரித்துத் திருப்பித் தைக்கக் கொடுப்பேன். ஒருநாள் அந்தம்மா சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டாள்.

"அண்ணே, இதை எத்தனாவது தடவை திருப்பச் சொல்றீங்க?"

"மூணாவது."

"காலருக்கு ரெண்டு பக்கம்தாண்ணே இருக்கு."

என் மனைவி உள்ளே சிரிக்கிற சத்தம் கேட்டது. எனக்குச் சுருக்கென்றது. இவர்களெல்லாம் சிரிக்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். பத்து மணிச் சிரிப்பைவிட இது தேவலை. ஆனால் மூன்று மாதம் இப்படிக் குட்டிக்கரணம் போட்டும் செலவில் ஐந்தில் ஒரு பங்குதான் குறைந்திருந்தது. மனைவி ஒத்துழைக்கவில்லை. சீட்டு எழுதுவாள், காரணத்தில் என்னைத் திட்டுவாள். பல்பு கேட்டு எழுதிய சீட்டில், 'இருட்டில் உங்கள் முகம் தெரியாதது நல்லதுதான், இருந்தாலும் அரிசியில் கல் பொறுக்க வேண்டியிருக்கிறது' என்று எழுதியிருந்தாள். அதையும் பாஸ் செய்து கோப்பில் வைத்தேன். வேறு என்ன செய்ய?

அந்தச் சமயத்தில்தான் எனக்குக் காய்ச்சல் கண்டது. நாலு நாள் கண்ணைத் திறக்க முடியவில்லை. மருந்து வாங்கச் சீட்டு எழுதச் சொன்னேனாம். பழைய காய்ச்சலைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் மருந்து தர வேண்டும் என்றும் சொன்னேனாம். மனைவி சொல்லித்தான் தெரியும். வேறென்னவெல்லாம் உளறினேன் என்று கேட்டேன். "ஒண்ணும் பெரிசா இல்லீங்க" என்றாள்.

காய்ச்சல் விட்டு எழுந்தபோது என் வீட்டில் வேறு ஒரு பெண்டாட்டி இருந்தாள்.

சோப்புச் சில்லை நான் கேட்கும் முன்பே காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். தேய்ந்த துடைப்பம், எரிந்த பல்பு, சுருட்டிப் பிழிந்த பற்பசைக் குழாய், காலித் தீப்பெட்டி எல்லாம் வரிசையாக என் மேஜைக்கு வந்தன. சீட்டுகளில் கையெழுத்து மணிமணியாக இருந்தது. காரணத்தில் திட்டு இல்லை. போதாக்குறைக்கு என்னிடம் பாடம் வேறு கேட்டாள்.

"ஏங்க, கையிருப்பு எவ்வளவுக்குக் கீழே போனா புதுசா வாங்கணும்னு எப்படிக் கணக்குப் போடறீங்க?"

சொன்னேன்.

"பழைய சாமானை எவ்வளவு நாள் வச்சிருந்து கழிப்பீங்க?"

அதையும் சொன்னேன். சாப்பிடும்போது நானாக அளப்பேனே தவிர, இருபத்தெட்டு வருஷத்தில் என் வேலையைப் பற்றி அவள் வாய்திறந்து கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்குத் தலைகால் புரியவில்லை. சாயங்காலம் வந்ததும் வராததுமாக அவளை உட்காரவைத்து, எந்த அலமாரியில் எந்தத் தட்டில் எந்த அளவு பேரிங் இருக்கிறது என்பது வரைக்கும் ஒப்பித்தேன். அவள் காய் நறுக்கிக்கொண்டே காது கொடுத்துக் கேட்டாள். இரண்டே மாதத்தில் வீட்டுச் செலவு நான் நினைத்ததற்கும் கீழே இறங்கியது. கண்டிப்புக்குக் கட்டுப்படாத பெண் இல்லை என்று தையல்காரம்மாவின் புருஷனிடம் பெருமையடித்துக்கொண்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

ஒருநாள் துணிந்து விஷயத்தை உடைத்தேன்.

"வேலையை விட்டுடலாம்னு பாக்குறேன்."

வீடு இரண்டாகும் என்று எதிர்பார்த்தேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எப்போ?"

"இன்னும் ஒரு ஆறு மாசம் இப்படியே இழுத்துப் பிடிச்சா..."

"ஆறு மாசம் எதுக்கு? இந்த மாசமே எழுதிக் கொடுத்துடுங்க."

"பணம்?"

"அதை நான் சமாளிச்சுக்கறேன். நீங்க உடம்பைப் பாருங்க. அந்த மேனேஜர்கிட்ட இனியும் எதுக்கு அவமானப்படணும்?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் அவளிடம் ஒருநாளும் சொல்லாத வலி. சொல்லாமலே புரிந்துகொண்டிருக்கிறாளே என்று உருகிப்போனேன். எப்படிப் புரிந்தது என்று கேட்கத் தோன்றவில்லை. அன்று சீட்டு இல்லாமலே அவளுக்கு ஒரு சோப்பு கொடுத்தேன்.

ராஜினாமாவை எழுதிக் கொடுத்தேன். மேனேஜர் படித்துப் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை போகாதீர்கள் என்று சொல்லவில்லை. பேனா மூடியைக்கூடச் சரியாகக் கழற்றாமல் அவசர அவசரமாகக் கையெழுத்துப் போட்டான். கடைசி நாளில் எல்லாரும் கூடினார்கள். கை தட்டினார்கள். நான் உட்கார்ந்த பிறகும் தட்டினார்கள். நிறுத்துங்கள் என்று கையைக் காட்டிய பிறகும் தட்டினார்கள். அன்பளிப்பாக ஒரு கடிகாரம் கொடுத்தார்கள். பிரித்துப் பார்த்தேன். என் கம்பிவலைக்கு மேலே தொங்கிய அதே கடிகாரம். புதிதாக வாங்கினால் வீண்செலவு என்று மேனேஜர் சொன்னானாம். முப்பத்தொரு வருஷத்தில் அந்தத் தொழிற்சாலை என்னிடம் கற்றுக்கொண்ட ஒரே பாடம் அதுதான்.

போகட்டும். வீட்டு அலமாரிச் சாவியை மட்டும் கழற்றிக்கொண்டு கொத்தை ஒப்படைத்தேன். வெளியே வந்தேன். இனிமேல் அவன் மூஞ்சியைப் பார்க்க வேண்டாம். தெருவில் நடக்கும்போது செருப்பு தரையில் பாவவில்லை.

திங்கட்கிழமை காலை. நிதானமாக எழுந்தேன். ஹாலில் மேஜையைப் போட்டு உட்கார்ந்தேன். இனி முழுநேரமும் வீடுதான் என்பதால் சட்டத்தை விரிவுபடுத்தத் திட்டம் வைத்திருந்தேன். தண்ணீருக்குச் சீட்டு. அடுப்பு எரிகிற நிமிஷத்துக்குச் சீட்டு. காகிதத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தேன்.

மனைவி உள்ளேயிருந்து வந்தாள். இஸ்திரி போட்ட உடை. தோளில் பை. கழுத்தில் நாடாவில் ஓர் அட்டை தொங்கியது. அந்த நாடாவின் நிறம் எனக்கு நன்றாகத் தெரியும். முப்பத்தொரு வருஷம் என் கழுத்தில் தொங்கிய நிறம்.

"எங்கே கிளம்பிட்டே?"

"வேலைக்கு."

"எந்த வேலைக்கு?"

"உங்க வேலைக்கு."

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. பையைத் திறந்து சாவிக்கொத்தை எடுத்து இடுப்பில் மாட்டினாள். அது வெள்ளிக்கிழமை நான் ஒப்படைத்த கொத்து.

"உனக்கு... உனக்கு எப்படி..."

"உங்களுக்குக் காய்ச்சல் வந்துச்சே, அப்போ ஒரு பேரிங் இல்லாம மிஷின் நின்னுபோச்சு. ஸ்டோர்ஸ் சாவியை நீங்க வீட்டுக்குக் கொண்டு வந்துட்டீங்க. மேனேஜரே வீட்டுக்கு ஓடி வந்தாரு. நீங்க எழுந்திருக்கலை. கொத்துல நம்ம வீட்டுச் சாவியும் இருக்கே, யார்கிட்டயோ எப்படிக் கொடுத்து விடறது? நானே கூடப் போனேன்."

"போயி?"

"மூணாவது அலமாரி, ரெண்டாவது தட்டு, இடது ஓரம். ரெண்டு நிமிஷம். தினம் சாப்பிடும்போது அதைத்தானே சொல்லிட்டிருப்பீங்க? மேனேஜர் கடிகாரத்தைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு. நீங்க எழுந்திருக்கிற வரைக்கும் மிச்ச நாளும் வர முடியுமான்னு கேட்டாரு. போனேன்."

"மிச்ச நாளும் போனியா? அப்போ எனக்குக் கஞ்சி கொடுத்தது யாரு?"

"தையல்காரம்மா."

கஞ்சியில் உப்பு தூக்கலாக இருந்தது நினைவுக்கு வந்தது.

"வேலை தர்றேன்னாரு. ஆனா ஒரு ஸ்டோர்ஸுக்கு ரெண்டு ஆள் வச்சுக்க முடியாதாம். 'பழையதைக் கொடுத்தால்தான் புதியது, இது உங்க வீட்டுக்காரர் போட்ட சட்டம்தானேம்மா'ன்னு சொன்னாரு. அதான், உங்களை எழுதிக் கொடுக்கச் சொன்னேன்."

"அடிப்பாவி! அந்தப் பயலுக்குப் பயந்து நான் ஓடி வந்தேன். நீ அவன்கிட்டயே போறியே! என் மேல ஒரு இரக்கம்கூடவா இல்லாமப் போச்சு உனக்கு?"

அவள் என் எதிரே உட்கார்ந்தாள். அப்போதுதான் அவள் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். கோபம் இல்லை. களைப்புதான் இருந்தது.

"காய்ச்சல்ல எல்லாத்தையும் உளறினீங்க. மேனேஜர், பத்து மணி, ராஜினாமா, எல்லாம். கேக்கப் பாவமாத்தான் இருந்துச்சு. அழக்கூட அழுதேன். அப்புறம் யோசிச்சேன். தினம் ஒரு தடவை, ஒரே ஒரு கேள்வி கேட்டதை உங்களால ஒரு வருஷம் தாங்க முடியலை. நான் இருபத்தெட்டு வருஷமா, சாயங்காலம் ஆறு மணியிலேருந்து தாங்கிட்டிருக்கேன். இனிமே பகலும் சேர்ந்து வீட்டுல உக்காந்து கேட்டீங்கன்னா, நான் எங்கேங்க ராஜினாமா கொடுக்கறது?"

கையில் இருந்த தண்ணீர்ச் சீட்டை மெதுவாகக் கவிழ்த்து வைத்தேன். அவள் சொன்னது ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதுதான் என்னைக் கொன்றது.

ஆனாலும் ஸ்டோர்கீப்பர் புத்தி சும்மா இருக்குமா? சம்பளம் எவ்வளவு என்று கேட்டேன். சொன்னாள். நான் கடைசியாக வாங்கியதைவிடக் கொஞ்சம் அதிகம். சேமநிதியைத் தொடவே வேண்டாம். சோப்பைக்கூட முழுசாகத் தேய்த்துக் குளிக்கலாம். இத்தனை மாதம் கன்னத்தைக் கிழித்துக்கொண்டது எதற்கு என்று கேட்க ஆளில்லை.

"வீட்டு வேலை?" என்றேன், ஈனமான குரலில்.

"நீங்கதான். சாமானெல்லாம் அலமாரியில இருக்கு. அந்தச் சாவி உங்ககிட்டதான் இருக்கு. யார்கிட்டயும் சீட்டு கேக்க வேண்டாம்."

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டாள். அங்கிருந்தே திரும்பிப் பார்த்தாள்.

"மத்தியானச் சாப்பாட்டைப் பன்னிரண்டரைக்கு ஃபேக்டரிக்குக் கொண்டு வந்துடுங்க. கேன்டீன்ல சாப்பிட்டா தண்டச் செலவு."

சிக்கனம் என்று யார் சொன்னாலும் எனக்கு எதிர்த்துப் பேச வராது. அதுவும் நியாயமான பேச்சு. ஜன்னலில் கொடுத்துவிட்டு யார் கண்ணிலும் படாமல் திரும்பிவிடலாம். சரி என்று தலையை ஆட்டினேன்.

"ரெண்டு டப்பாவா கட்டுங்க."

"ரெண்டா? ரெண்டு டப்பாவும் நீயா சாப்பிடுவே?"

"எனக்கு ஒண்ணு போதும். இன்னொண்ணு மேனேஜருக்கு, மாசாமாசம் காசு கொடுத்துடுவாரு. அவர் ரூமுக்கு நீங்களே நேர்ல கொண்டுபோய் வச்சுடுங்க."